பேறுகாலப் பணிவிடையில் பரிவு

(பொதட்டூர்பேட்டையில் நடைபெற்ற தாய் சேய் நலக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரி மதகு என்று பேசியே நாம் இதுவரை எத்தனையோ கூட்டங்களை நடத்தியிருக்கிறோம். இன்று பிரசவ அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பிரசவ அறைக்கும் என்ன தொடர்பு என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் எண்ணுவது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. அது டாக்டரம்மாவின் வேலை, நர்ஸம்மாவின் வேலை, தவறினால் வீட்டுப் பெண்களின் வேலை என்பது நம் ஆண்களிடையே ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பெருமைக்குரிய செய்தியை முதலில் கூறிவிடுவோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99.6 மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் மரணம் இந்தியா முழுமைக்கும் 97 ஆக இருந்தபோது, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்தது. 2001-03 ஆண்டுகளில் நம் மாநிலத்தில் 134 ஆக இருந்த எண் இது. இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008-இல் வந்த 108 வண்டியும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு உதவியும், வீடு வீடாக நடந்து கர்ப்பிணிகளின் கணக்கெடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் கால்களும் சேர்ந்து சாதித்தது இது.

ஆகவே, கர்ப்பிணியை மருத்துவமனையின் வாயில் வரை கொண்டு சேர்க்கும் பணியை நாம் ஏறக்குறைய முடித்துவிட்டோம். வாயிலுக்கு உள்ளே அவளுக்குக் கிடைப்பது என்ன என்று நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

நம் சுற்றுப்பயணத்தில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். நெசவாளக் குடும்பத்துப் பெண் ஒருத்தி; வீட்டில் தார் சுற்றிக் கணவனுக்கு உதவி வந்தவள். முதற் பிரசவம் ஒரு மருத்துவமனையில் நடந்தது. அது எது என்பது இங்கே வேண்டாம். வலி பொறுக்காமல் கத்தியபோது அவள் தொடையில் அடி விழுந்திருக்கிறது. கூடவே, பெண்களின் முன்னிலையில் நாம் திருப்பிச் சொல்ல முடியாத ஏச்சும் கிடைத்திருக்கிறது. இரண்டாம் பேற்றின்போது மாலையிலேயே வலி கண்டும் அவள் எவரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தறிக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்த பிறகுதான் மாமியாருக்குத் தெரிந்தது. 108 வண்டியிலேயே குழந்தை பிறந்தது. உதிரப்போக்கு நிற்காமல் நாலு நாள் உயிருக்குப் போராடினாள். தெய்வ சங்கற்பத்தாலும் இரத்தம் கொடுத்த இளைஞர்களாலும் பிழைத்தாள். ஏனம்மா முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: “வலியைப் பொறுத்துக்கலாம் ஐயா, அந்தப் பேச்சைப் பொறுக்க முடியாது.”

ஒரு சுடுசொல் ஓர் உயிரை எவ்வளவு தூரம் விரட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவள் படிக்காதவள் அல்லள். மருத்துவமனையின் பயனை அறியாதவளும் அல்லள். இவ்வாறு மறைத்து வைப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரே ஆனாலும் அந்த ஒருவரிடமே ஆபத்து வருகிறது.

பரிவு என்பது மருத்துவத்திற்கு மேல் தூவும் சர்க்கரை என்று பலர் நினைக்கின்றனர். அது மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை உழவர்களுக்கு விளக்குவது எளிது. தாய்மார்கள் இந்த ஒப்புமையைப் பொறுத்தருள வேண்டும். பசுவை உதாரணமாகக் கொள்வோம். மடி நிறையப் பால் இருக்கிறது. புது ஆள் வந்து காம்பில் கை வைக்கிறான், அல்லது தொழுவத்தில் நாய் குரைக்கிறது. பசு பாலை அடக்கிக்கொள்கிறது. எவ்வளவு இழுத்தும் இறங்குவதில்லை. வழக்கமாகக் கறக்கும் அம்மாள் வந்து முதுகைத் தடவி, கன்றை அருகில் கட்டினால் சற்று நேரத்தில் சுரக்கிறது. இது ஏன்? பாலை இறங்கச் செய்வது ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர். மூளையின் அடியில் உள்ள சுரப்பி ஒன்று அதை இரத்தத்தில் கலக்கிறது. அச்சம் வந்தால் அட்ரினலின் என்னும் வேறொரு நீர் ஊறி அதன் வேலையைத் தடுத்துவிடுகிறது.

பெண்ணின் கருப்பையைச் சுருங்கச் செய்து குழந்தையை வெளியே தள்ளுவதும் அதே ஆக்சிடோசினே. பிரசவத்திற்குப் பின் கருப்பையை இறுகச் செய்து உதிரத்தை நிறுத்துவதும் அதுவே. குழந்தை பிறந்தவுடன் செவிலியர் தாயின் தொடையில் 10 யூனிட் ஊசி போடுகிறாரே, அம்மருந்தும் அதுவே. அஞ்சி நடுங்கும் பெண்ணுக்கு வலி மட்டும் கூடி வேலை நடக்காமல் பிரசவம் நீளக் கூடும். உழவர் தம் பசுவை அதட்டிக் கறப்பதில்லை. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை அடிப்பதில்லை. விளக்கை அருகே கொண்டுவந்து பொறுமையாக முடி போடுகிறார். பிரசவ அறையில் மட்டும் அதட்டல் பயன் தரும் என்று நம்புவது வியப்பே.

இது வெறும் ஊகமன்று. பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் பக்கத்திலேயே இருந்து ஆறுதலளித்தால் என்ன பயன் என்பதைப் பற்றி, 17 நாடுகளில் 15,858 பெண்களிடம் நடத்தப்பட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து, 2017-இல் கோக்ரேன் என்னும் உலக ஆய்வுக் கூட்டமைப்பு முடிவுகளை வெளியிட்டது. துணை பெற்ற பெண்களுக்கு ஆயுதமின்றி இயல்பாகப் பிரசவமாவது கூடுகிறது. வலி நேரம் குறைகிறது. வயிற்றைக் கிழிக்கும் அறுவை குறைகிறது. பிறந்த குழந்தையின் நிலையும் மேம்படுகிறது. நம் மாநிலத்தில் 2019-21 கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை மூலமே நிகழ்ந்தன என்பதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அறுவை தேவைப்படும்போது அது உயிர் காக்கும். அதை மறுப்பவர் பேச்சை எவரும் கேட்க வேண்டாம். ஆனால் இத்தனைக்கும் தேவை இருந்ததா என்ற கேள்வி மருத்துவர்களிடையேயே எழுந்துள்ளது.

நமக்கு அண்மையிலுள்ள வேலூரின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இளம் வயதில் திண்டிவனத்தில் தம் தந்தையாரின் இல்லத்தில் தங்கியிருந்தார். தந்தையார் மருத்துவர். ஒரே இரவில் மூவர் தனித்தனியே வந்து, தம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண்ணை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அவர். அயல் ஆண் ஒருவர் பிரசவ அறையில் நுழைவதற்கு மூவருமே இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900-இல் மருத்துவராகத் திரும்பி வந்து, 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனையைத் திறந்தார்.

இக்கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பலர் கவனியாதது ஒன்றுண்டு. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-இல். செவிலியர் பயிற்சிப் பள்ளியையோ அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1909-இல் தொடங்கிவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார்; இரவெல்லாம் கட்டிலருகே இருக்கப் போகிறவர் செவிலியரே என்பதை அந்த அம்மையார் நன்கு அறிந்திருந்தார் என்று நாம் கருதுகிறோம். அந்தத் திண்டிவனத்து மூன்று பெண்களும் திறமைக் குறைவால் மட்டும் மாண்டவர்களல்லர். திறமை பக்கத்து வீட்டிலேயே இருந்தது. நம்பித் தம்மை ஒப்புவிக்கத் தக்க ஒரு கை இல்லாமற் போயிற்று.

நம் பாட்டிமார் காலத்து மருத்துவச்சியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். அவள் கையில் எத்தனையோ உயிர்கள் போயின. கழுவாத கையும், கண்ட கத்தியால் கொடி அறுத்ததும், வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளியதும் செய்த கேடு கொஞ்சமன்று. அந்த நாள் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அவளிடம் ஒரு நற்குணம் இருந்தது: வலி கண்ட நேரம் முதல் குழந்தை பால் குடிக்கும் வரை அவள் எழுந்து போகமாட்டாள். முதுகைத் தேய்த்துக்கொண்டே, ஊர்க்கதை பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது சுத்தம் வந்தது, மருந்து வந்தது. அந்த ஆள் மட்டும் வெளியே நின்றுவிட்டாள்.

அவளை உள்ளே அழைத்துவரும் ஏற்பாடுதான் பிரசவத் துணைவர் திட்டம். 2004-ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களில் இதற்கு இடமளிக்கப்பட்டது. 2016-இல் மத்திய அரசும் எல்லா மாநிலங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. தானே பிள்ளை பெற்ற அனுபவமுள்ள, தொற்றுநோய் ஏதுமில்லாத ஒரு பெண், கர்ப்பிணியுடன் பிரசவ அறையில் இருக்கலாம். மருத்துவத்தில் அவள் தலையிடக் கூடாது. இடுப்பைத் தேய்த்துவிடலாம், நடக்க வைக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. எனினும் நாம் விசாரித்த வரையில், நம் கிராமங்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரிந்திருக்கவில்லை. உள்ளே விட மாட்டார்கள் என்று தாமே முடிவு செய்துகொண்டு வெளியில் பாயை விரித்துவிடுகிறார்கள்.

துணைக்கு யார் செல்வது? கர்ப்பிணி யாரை விரும்புகிறாளோ அவர். இதில் மாமியாரின் உரிமை, தாயாரின் உரிமை என்ற வழக்கு வேண்டாம். இதை நாம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இந்த வழக்கைத் தீர்த்து வைக்கும்படி நம் அலுவலகத்திற்கே ஒரு முறை வந்துவிட்டார்கள்! துணை யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி வைப்பது நல்லது. அந்தத் துணைவர் கர்ப்பிணியோடு ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்று, அறையையும் அங்கிருப்பவர்களையும் பார்த்து வருதல் அதனினும் நல்லது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு செய்தி உண்டு. திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுடன் சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் நாளில். எல்லைக்கோடு மாறியதே ஒழிய வீட்டுமொழி மாறவில்லை. இங்கே பல வீடுகளில் தெலுங்கே பேச்சு. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மருமகள்கள் வருகிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து பணிக்கு வரும் இளம் செவிலியருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். கடைத்தெருவில் இரு மொழியும் பேசும் பெண், வலி முற்றும்போது தாய்மொழியில்தான் அழுகிறாள். அவள் ‘நொப்பி’ என்பதும் ‘நீள்ளு’ என்பதும் செவிலியருக்குப் புரியாவிட்டால், கேட்டது தண்ணீர்தான் என்றுகூடத் தெரியாமற் போகும். நம் வட்டாரத்திற்குப் புதிதாக வரும் செவிலியர் பத்துப் பன்னிரண்டு தெலுங்குச் சொற்களையேனும் கற்றுக்கொள்வது பெரும் உதவி. ‘பயபடகு’, அதாவது ‘பயப்படாதே’, என்ற ஒரு சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் கட்டிலிலிருந்தவள் தம் கையை இறுகப் பற்றிக்கொண்டதாக ஒரு செவிலியர் நம்மிடம் கூறினார். சொற்பட்டியலை எழுதித் தரப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போதும். இதற்கு அரசாணை வேண்டுமா?

மருத்துவ நூல்களும் இப்போது இதே வழியில் செல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ நேரப் பராமரிப்பு நெறிகளில், மதிப்புடன் நடத்துவதும் விரும்பிய துணைவரை அனுமதிப்பதும் முன்வரிசையில் உள்ளன. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வாய் திறக்கவில்லை என்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு அவசரப்படுத்தக் கூடாது. தீவிர வலி நேரம் முதற் பிரசவத்தில் 12 மணி வரையும், பின்னர் 10 மணி வரையும் செல்வது இயல்பே என்கிறது அந்நூல். வயிற்றின்மேல் அழுத்துவதை அது ஏற்கவில்லை. சிக்கலில்லாத பெண்ணுக்கு நீரும் எளிய உணவும் தரலாம் என்றும், அவளுக்கு வசதியான நிலையில் இருக்க விடலாம் என்றும் கூறுகிறது. வெளியில் நின்று, “இன்னுமா ஆகவில்லை, ஊசி போட்டுச் சீக்கிரம் முடியுங்கள்” என்று செவிலியரை நெருக்கும் உறவினர்கள் இதைச் சற்றுச் செவியில் வாங்க வேண்டும். வலியை விரைவுபடுத்தும் ஊசி, அளவும் கண்காணிப்பும் தவறினால் குழந்தையின் மூச்சுக்கே கேடாகும்.

செவிலியரின் பக்கத்து நியாயத்தையும் பேசாவிட்டால் நாம் ஒருதலையாகப் பேசியவராவோம். இரவுப் பணியில் ஒருவரே இருப்பார். ஒரே நேரத்தில் இரண்டு கட்டிலில் வலி. குழாயில் தண்ணீர் வரவில்லை, மின்சாரம் போய்விட்டது, வாயிலில் பதினைந்து உறவினர்கள், அவர்களில் இருவர் குடித்திருக்கிறார்கள். இந்த நிலையில் இனிமையாகப் பேசும் ஆற்றல் எல்லோருக்கும் வராது. பரிவு செலுத்துபவருக்கும் பரிவு வேண்டியிருக்கிறது. செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவது பஞ்சாயத்தின் கையில் இல்லை, நம் கையிலும் இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி நம் கையில் இருக்கிறது. சுகாதார நிலையத்திற்குச் செல்லும் பாதையும், அதன் விளக்கும், சுற்றுச்சுவரும், துணைவர் உட்கார ஒரு பெஞ்சும், இரு கட்டில்களுக்கு நடுவே தொங்கவிட ஒரு திரைத்துணியும் நம்மால் முடியாதவை அல்ல. அதிலும் அந்தத் திரைத்துணி! தறி ஓசை கேட்டே விடியும் இந்த ஊரில், பிரசவ அறைக்குத் திரைக்குத் துணி இல்லை என்று எவரும் சொல்லலாகாது.

இரண்டொரு கசப்பான செய்திகளையும் சொல்லியாக வேண்டும். ஆண் குழந்தையென்றால் இவ்வளவு, பெண் குழந்தையென்றால் இவ்வளவு என்று கை நீட்டும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாக மக்கள் சொல்கிறார்கள். 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவம், மருந்து, உணவு, இரத்தம், வீடு திரும்பும் வண்டி யாவும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டியவை. கேட்பவர் மீது 104 எண்ணுக்குத் தெரிவிக்கலாம். ஆனால் மகிழ்ச்சியில் நாமே பணத்தைத் திணித்துவிட்டுப் பின்னால் குறைகூறுவதும் நடக்கிறது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது என்று கேட்டவுடன், காப்பி வாங்கக்கூட ஆளில்லாமல் கணவன் வீட்டார் கலைந்து போன காட்சியும் நமக்குத் தெரியும். நர்ஸம்மா கடிந்து பேசினார் என்று முறையிட அவர்களுக்கு என்ன தகுதி?

குழந்தை இறந்து பிறந்த தாயின் நிலை வேறு. அவளைப் பிள்ளை பெற்றவர்கள் நடுவே படுக்க வைப்பது கொடுமை. தனி அறை இல்லாவிட்டாலும், ஓரக் கட்டிலும் ஒரு தடுப்பும் இருந்தால் போதும். குழந்தையைப் பார்க்க வேண்டுமென்று அவள் கேட்டால் காட்டலாம். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும்போது என்ன செய்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். வீடு திரும்பிய பிறகும் கிராம சுகாதாரச் செவிலியர் அவளைப் பார்த்து வர வேண்டும். குழந்தை இல்லையே என்று அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாகாது.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் மருமகள்கள் நம்மிடையே பலர். எல்லை கடந்து ஆந்திரப் பகுதிக்குச் செல்பவர்கள் தாய் சேய் நல அட்டையையும், ‘பிக்மி’ பதிவு எண்ணையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். இரத்த அளவும், முந்திய ஸ்கேனும், சர்க்கரையும் அறியாத புது மருத்துவமனையில் எவ்வளவு பரிவுள்ள செவிலியரும் இருட்டில் தடவுவது போலாகும்.

நிறைவாக, மழைக்காலத்தைப் பற்றி. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அக்கரையிலுள்ள கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நாள் நெருங்கும் கர்ப்பிணிகள் யார் யார் என்ற பட்டியலைப் புரட்டாசி முடிவதற்குள் கிராம சுகாதாரச் செவிலியரோடு சேர்ந்து தயாரியுங்கள். அணை திறக்கும் செய்தி வந்தவுடன் அவர்களைத் துணைவரோடு மருத்துவமனைக்கு அருகில் கொண்டுவந்துவிட வேண்டும். பட்டியலில் கர்ப்பிணியின் பெயர், பேறு எதிர்பார்க்கும் தேதி, இரத்த வகை, அவள் விரும்பும் துணைவரின் பெயர், வீட்டில் பேசும் மொழி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். படிவத்தை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். வெளியே செல்லும்போது ஊருக்கு ஒன்றாகப் பெற்றுக்கொள்ளலாம்.